அத்தியாவசியப் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்: மும்பை டயாலிசிஸ் பிரிவிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

மும்பையில் சயான் பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். வீடு டோம்பிவிலியில், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மழையில் குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே தண்டவாளம் முங்கும்போதும், பேருந்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போதும், பெருந்தொற்றில் நகரமே அடைபட்டபோதும், எந்த வேலை நடந்தே தீர வேண்டும், யார் வந்தே தீர வேண்டும் என்ற கேள்விக்கு அன்றன்றைக்கு விடை தேட வேண்டிய நாற்காலி என்னுடையது. அந்த அனுபவத்தில் நான் கண்டது இதுதான்: ஒரு சேவையை அத்தியாவசியம் என்று மக்கள் ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் அதைச் செய்பவரின் தோற்றத்தையும் அவர் கழுத்தில் தொங்கும் அட்டையையும் பார்த்துத்தான். அந்த வேலை நின்றால் எத்தனை மணி நேரத்தில் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டு ஏற்றுக்கொள்பவர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினால் அடுத்த நெருக்கடியில் சில உயிர்களையும் பலருடைய மானத்தையும் காக்க முடியும் என்று நம்புவதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

டயாலிசிஸ் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்து மீண்டும் உடலுக்குள் செலுத்த வேண்டும். ஒருமுறை தவறினாலே மூச்சு வாங்கத் தொடங்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நிலைகுலையும். இவ்வளவையும் மருத்துவரும் செவிலியரும் டெக்னீஷியனும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் நிமிடத்துக்கு 500 மில்லி என்ற கணக்கில் ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீர் இயந்திரத்தின் வழியாகப் போக வேண்டும்; அந்த நீரைத் தருகிற ஆர்.ஓ. பிளாண்ட்டைப் பராமரிப்பவர் மருத்துவமனை ஊழியரே கிடையாது, வெளி நிறுவனத்தின் ஒப்பந்த ஆள். ஒரு நோயாளி இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் கட்டிலைத் துடைத்து, தரையில் சிந்திய இரத்தத்தை முறைப்படி அகற்றி, இயந்திரத்துக்கான பைகார்பனேட் கரைசல் வைக்கும் கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவரை மும்பை மருத்துவமனைகளில் எல்லாரும் மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள், அவரும் ஒப்பந்தம்தான். விரிப்புகளை எடுத்துப் போய் வெளுத்துத் தருபவர், மஞ்சள் பையிலும் சிவப்புப் பையிலும் சேரும் மருத்துவக் கழிவை ஏற்றிச் செல்பவர் (2016ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது), கண் தெரியாத நோயாளியை மாடியிலிருந்து தூக்கி இறக்கிக் கூட்டிவரும் ஆட்டோக்காரர் என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். இவர்களில் யார் வராவிட்டாலும் பிரிவு நின்றுவிடும். எந்த வேகத்தில் நிற்கும் என்பதில்தான் வேறுபாடு.

2020 மார்ச் 22 நள்ளிரவோடு மும்பையின் லோக்கல் ரயில்கள் நின்றன. 24ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, மருத்துவமனைகளுக்கு விலக்கு அளித்ததோடு, மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், மருத்துவமனையின் பிற ஆதரவுப் பணிகளைச் சேர்ந்தோர் ஆகிய அனைவரின் போக்குவரத்தையும் அனுமதிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஆக, காகிதத்தில் மாவ்ஷிக்கும் இடமிருந்தது. அந்தக் காகிதத்தைத் தெருமுனையில் படித்துப் பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நின்ற காவலர், பேருந்தின் படிக்கட்டில் நின்ற நடத்துநர், குடியிருப்பு வாசலில் நின்ற வாட்ச்மேன் ஆகிய மூவரும் சேர்ந்துதான் அன்றைய அத்தியாவசியப் பட்டியலை எழுதினார்கள். எதை வைத்து எழுதினார்கள் என்றால், வெள்ளைக் கோட்டையும் பெயர் பொறித்த அட்டையையும் வைத்து.

எங்கள் பிரிவில் காலை முறைக்கு வரும் மாவ்ஷி தாராவியில் குடியிருக்கும் தமிழ்ப் பெண். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊரடங்கின் முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, 90 அடிச் சாலை திரும்பும் இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். கைபேசியில் என்னை அழைத்துக் காவலரிடம் கொடுத்தார். "டாக்டரா, நர்ஸா?" என்று அவர் மராட்டியில் கேட்டார். டயாலிசிஸ் பிரிவில் சுத்தம் செய்பவர் என்றேன். "அப்படியென்றால் அதை நாளைக்குச் செய்துகொள்ளலாமே" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. இரவெல்லாம் நின்ற களைப்போடு, நியாயமான யோசனை ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆறு மணிக்கு ஏறும் நோயாளிகள் பத்து மணிக்கு இறங்கியதும் அடுத்தவர்களைப் படுக்க வைக்க வேண்டும், இவர் வராவிட்டால் படுக்க வைக்க முடியாது என்று விளக்கிய பிறகு விட்டுவிட்டார். அக்கா வந்து சேர்ந்ததும் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, ரத்தம் சிந்துன எடத்த யாருமே தொடைக்கலேன்னா அடுத்த ஆளுக்குச் சீக்கு ஒட்டிக்கிடும்னு அவுகளுக்குத் தெரியாதா? நான் என்ன ஊரு சுத்தவா கெளம்புனேன்?"

தெரியாது என்பதுதான் உண்மை. அந்தக் காவலருக்கு மட்டுமா தெரியாது? படித்தவர்கள், அதிகாரிகள், எங்கள் மருத்துவமனையிலேயே வேறு பிரிவுகளில் இருப்பவர்கள் பலருக்கும் தெரியாது. நல்லபடியாக நடக்கும் துப்புரவு கண்ணில் படுவதில்லை. நடக்காமல் போகும்போதுதான் படுகிறது. அதனால் அந்த வேலையைச் செய்பவர் மதிப்புப் பெறுவதற்கு முதலில் ஏதாவது கெட்டுப்போக வேண்டியிருக்கிறது.

ஆர்.ஓ. பிளாண்ட் பராமரிப்பாளரின் கதையும் இப்படியே. ஒரு நாள் மாலை பிளாண்ட்டின் பம்ப் அழுத்தம் இறங்கிப்போனது. இரவுக்குள் சரி செய்யாவிட்டால் மறுநாள் காலை முறையில் ஒருவருக்கும் டயாலிசிஸ் கிடையாது. அவர் வீடு டிட்வாலாவில். ரயில் இல்லை. அவருடைய நிறுவனம் கொடுத்திருந்த கடிதத்தில் "தண்ணீர் சுத்திகரிப்புச் சேவை" என்று மட்டுமே இருந்ததால், வீடுகளுக்கு வாட்டர் பில்டர் மாட்டுபவர் என்று நினைத்து வழியில் இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் பால் வண்டியில் ஏறி நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்ந்தார். பால் பட்டியலில் இருந்தது. கடிதத்தில் "டயாலிசிஸ்" என்ற ஒரே ஒரு சொல் இருந்திருந்தால் மாலையே வந்திருப்பார்.

ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் தொற்று உறுதியான பிறகு நிலைமை வேறு விதமாகக் கசந்தது. இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் வாழும் அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னாலே ஆட்கள் விலகி நின்றார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முதியவர்களை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பெண்கள் பலர் தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் போகிறவர்கள். குடியிருப்புச் சங்கங்கள் ஒரே வரியில் "வீட்டு வேலையாட்களுக்கு அனுமதி இல்லை" என்று எழுதி வாசலில் ஒட்டியபோது, பாத்திரம் துலக்குபவரும் படுத்த படுக்கையாய் இருக்கும் மனிதரைப் புரட்டிப் போட்டு உடம்பு துடைத்து மருந்து கொடுப்பவரும் ஒரே பட்டியில் அடைக்கப்பட்டார்கள். எங்கள் நோயாளிகளில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தமிழ்ப் பெரியவருக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில். மனைவிக்கு முழங்கால் வலி. பகல்நேர உதவிப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் இல்லாமல் அவரைக் கீழே இறக்க ஆள் இல்லை. கீழே இறங்காவிட்டால் டயாலிசிஸ் இல்லை. சங்கச் செயலாளரிடம் நானே பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். "ஆணையில் இருந்தால் விடுகிறேன், இல்லாததை நான் எப்படி விடுவது?" என்றார். வீட்டில் இருக்கும் முதியோரைப் பராமரிப்பவர்களும் விலக்கில் அடங்குவர் என்று மத்திய அரசு விளக்கம் தந்தது ஏப்ரல் 21ஆம் தேதி. கிட்டத்தட்ட நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. அதே விளக்கத்தில் ப்ரீபெய்டு ரீசார்ஜும் ரொட்டித் தொழிற்சாலையும் இடம் பெற்றன. பட்டியல் இப்படித்தான் வளர்ந்தது: போதிய எண்ணிக்கையில், குரல் உள்ளவர்கள், ஒன்று இல்லாமல் தவித்த பிறகு அது சேர்க்கப்பட்டது.

பட்டியல் போடுபவர்கள் தங்கள் வீட்டு நிலவரத்தை எல்லார் வீட்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு உணவை விடத் தெளிவான சான்று வேண்டாம். மளிகைக் கடை உண்டு, காய்கறி உண்டு, உணவகங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். சமையலறை உள்ளவருக்கு இது போதும். தாராவியின் தையல் கூடங்களிலும் தோல் பட்டறைகளிலும் வேலை செய்து அங்கேயே படுத்துறங்கும் ஆண்களுக்கு அடுப்பு கிடையாது. காலையில் சைக்கிளில் வரும் இட்லி, மதியம் மெஸ் சாப்பாடு, இதுதான் அவர்களுடைய அடுப்பு. எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்து பல தலைமுறைகளாக விடியற்காலை மூன்று மணிக்கு மாவு ஊற்றத் தொடங்கும் இட்லிக்காரர்கள் தெருவில் இறங்க முடியவில்லை. செயலி வழியாகப் பிட்சா வந்தது. உணவு என்ற சேவை நிற்கவில்லை என்று அரசின் கணக்கு காட்டியிருக்கும். யாருக்கு நின்றது என்ற கணக்கு அதில் இல்லை. செய்தித்தாளுக்கும் இதே கதிதான். அச்சு ஊடகம் மத்திய ஆணையில் விலக்குப் பெற்றிருந்தது, ஆனால் வீடு வீடாகப் போடுவதை ஏப்ரல் 18ஆம் தேதி மகாராஷ்டிர அரசு தடை செய்தது. சில நாட்களில் மற்றப் பகுதிகளுக்குத் தளர்த்தியபோதும் மும்பைக்குத் தளர்த்தவில்லை. பொருள் அத்தியாவசியம், அதைச் சுமப்பவர் அப்படி இல்லை என்ற மனநிலை எத்தனை துறைகளில் ஊறியிருக்கிறது என்பதை அன்று கண்கூடாகப் பார்த்தோம்.

இந்த மனநிலை முழு உருவில் வெளிப்பட்ட இடம் லோக்கல் ரயில். பெருந்தொற்றுக்கு முன்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 லட்சம் பேர் பயணம் செய்த ரயில், 2020 ஜூன் 15 அன்று, மாநில அரசு அடையாளம் காட்டிய சுமார் ஒன்றேகால் லட்சம் பேருக்காக மீண்டும் ஓடத் தொடங்கியது. ஜூலை 1 முதல் மத்திய அரசு ஊழியர்கள், வருமான வரி, சுங்கம், அஞ்சல், தேசிய வங்கி, நீதித்துறை ஊழியர்கள் ஏறினார்கள். செப்டம்பரில் தனியார் மற்றும் கூட்டுறவு வங்கி ஊழியர்களில் பத்து விழுக்காட்டினர், அக்டோபரில் அலுவலகங்களுக்குச் சாப்பாட்டு டப்பா சுமக்கும் டப்பாவாலாக்களும் வெளிநாட்டுத் தூதரக ஊழியர்களும், அக்டோபர் 21 முதல் குறிப்பிட்ட நேரங்களில் பெண்கள், அதையொட்டி வழக்கறிஞர்களும் சீருடை அணிந்த தனியார் காவலாளிகளும். 2021 பிப்ரவரி 1 அன்று பொதுமக்களுக்குக் காலை ஏழுக்கு முன்பும், நண்பகல் முதல் நான்கு வரையும், இரவு ஒன்பதுக்குப் பிறகும் கதவு திறந்தது. இரண்டாம் அலையில் ஏப்ரலில் மூடி, ஆகஸ்ட் 15 முதல் இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டவர்களுக்கு மீண்டும் திறந்தார்கள். இந்த வரிசையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். லெட்டர்பேட் உள்ள அலுவலகம், சங்கம், நீதிமன்றத்தில் மனுப் போடும் திறன், கண்ணுக்குத் தெரியும் சீருடை, இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளவர்களாகவே உள்ளே வந்தார்கள். நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஆண் சமையற்காரருக்கும், முதியவர் ஒருவருக்குத் துணையாக இரவு தங்கும் பையனுக்கும் கடிதம் எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

எனக்கு அட்டை இருந்ததால் டோம்பிவிலியிலிருந்து நான் ரயிலில் போக முடிந்தது. பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒவ்வொருவரும் தம் வேலை நின்றால் நாடே நிற்கும் என்று உளமார நம்பினார்கள்; எதிரே இருப்பவரைப் பற்றி "இவரெல்லாம் எதற்கு?" என்றார்கள். நகராட்சி ஊழியர் வங்கிக்காரரையும், வங்கிக்காரர் வழக்கறிஞரையும் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன் வேலையின் அவசியம் செய்கிறவனுக்கு உள்ளிருந்து தெரியும், அடுத்தவனுடையது வெளியிலிருந்துகூடத் தெரியாது. ஆகவே எது அவசியம் என்று பொதுவில் வாக்கெடுத்தால் கிடைப்பது அவசியத்தின் பட்டியலாக இருக்காது. எல்லாரும் நேரில் பார்த்துப் பழகிய வேலைகளின் பட்டியலாகவே இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மனத்தை மிகவும் வருத்துவது அதுதான். அத்தியாவசியம் என்று அறிவிக்கப்பட்டவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் வேலையை நிறுத்தக் கூடாது என்ற தடை கிடைக்கிறது. 2019 ஜனவரியில் மும்பையின் பெஸ்ட் நகரப் பேருந்து ஊழியர்கள் ஒன்பது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள்மேல் பாய்ந்தது மெஸ்மா என்னும் மகாராஷ்டிர அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம். தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் இதே வகைச் சட்டமான டெஸ்மாவின் கீழ் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டதையும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இந்த வேலைகள் நின்றால் மக்கள் படும் துன்பம் உண்மை. பெஸ்ட் நின்ற அந்த நாட்களில் எங்கள் நோயாளிகள் ஆட்டோவுக்குக் கடன் வாங்கியதை அறிவேன். ஆனால் நிற்கக் கூடாத வேலை என்றால், அந்த வேலைக்கு நிலையான பணியும் நேரத்துக்குக் கூலியும் நோய் வந்தால் விடுப்பும் முதலில் வந்திருக்க வேண்டும். மும்பை மாநகராட்சியின் குப்பையை அள்ளிய 2,700 ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் பெறுவதற்கு 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நகரமே பால்கனியில் நின்று கை தட்டியபோது, அந்தக் கைதட்டலில் தன் பங்கு உண்டு என்று எங்கள் மாவ்ஷி அக்காவும் மகிழ்ந்தார். அந்த மாதச் சம்பளத்தில், வழியில் தடுக்கப்பட்டு வர முடியாமல் போன நாட்களுக்கு ஒப்பந்ததாரர் பிடித்தம் செய்திருந்தார்.

இனி, எங்கள் பிரிவில் நாங்கள் மாற்றிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். மருத்துவமனைகளுக்கு மட்டுமன்றி, முதியோர் இல்லம், பள்ளி, குடியிருப்புச் சங்கம் என்று ஆட்களை நம்பி நடக்கும் எந்த இடத்துக்கும் இவை பயன்படும்.

முதலாவதாக, பதவியின் பெயரை வைத்துப் பட்டியல் போடுவதை விட்டோம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது நின்றால் எத்தனை மணி நேரத்தில் நோயாளிக்குத் தீங்கு வரும் என்று எழுதினோம். ஆர்.ஓ. நீர் நின்றால் உடனே; கட்டில் துடைப்பது நின்றால் நான்கு மணி நேரம், அதாவது அடுத்த முறை ஏறும் நேரம்; கழிவு வண்டி 48 மணி நேரம்; விரிப்பு வெளுப்பது, கையிருப்பைப் பொறுத்து இரண்டு மூன்று நாள்; பில்லிங் கணினி ஒரு வாரம் நின்றாலும் கையால் எழுதிச் சமாளிக்கலாம். எழுதி முடித்ததும், பெரிய சம்பளக்காரர்கள் சிலர் பட்டியலின் கீழேயும் ஒப்பந்த ஊழியர்கள் மேலேயும் இருந்தார்கள். கூட்டத்தில் சற்று நேரம் முணுமுணுப்பு இருந்தது. கணக்கை மறுத்துப் பேச ஒருவராலும் முடியவில்லை. இதைத் தயாரிக்கும்போது மேலாளர்களிடம் கேட்பதைவிட, அந்த வேலையைச் செய்பவரிடமே "நீங்கள் வராத நாளில் என்ன நடந்தது?" என்று கேட்பது நல்லது. பைகார்பனேட் கேன் கழுவும் வேலை பட்டியலுக்கு வந்ததே அக்கா சொல்லித்தான்.

இரண்டாவது, கடிதம். நெருக்கடி வந்த பிறகு கடிதம் அடிக்க உட்காரக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால், மே மாதத்திலேயே எழுதி முத்திரை குத்தித் தயாராக வைக்கிறோம். ஒப்பந்ததாரரின் கடிதம் போதாது, வேலை நடக்கும் இடத்தின் கடிதம் வேண்டும். அதில் புகைப்படம், வீடு இருக்கும் பகுதி, வேலை நேரம், திரும்பிப் போகும் நேரம் (திரும்பும்போது நிறுத்தப்பட்டவர்கள்தான் அதிகம்), ஆங்கிலத்தோடு மராட்டியிலும் விவரம், எந்த நேரத்திலும் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் கைபேசி எண், இவை எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமாக, வேலையின் பெயரை மட்டும் எழுதாமல் விளைவை எழுத வேண்டும்: "இவர் வராவிட்டால் பத்து மணிக்கு நோயாளிகளுக்கு டயாலிசிஸ் தொடங்க முடியாது" என்ற ஒரு வரி, "ஹவுஸ்கீப்பிங் ஊழியர்" என்பதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. தடுப்புக் கட்டையில் நிற்பவருக்கும் அது உதவி. முடிவெடுக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. மருத்துவமனையின் பெயர் பொறித்த மேலங்கியை ஒப்பந்த ஊழியர்களுக்கும் கொடுத்தோம். தோற்றத்தைப் பார்த்து ஆளை மதிப்பிடும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் மாறும்வரை அக்கா தெருவில் நிற்கக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள், அதுவும் வேறு ரயில் பாதையில் வசிப்பவர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்த நகரம் இது; மத்திய ரயில் பாதை நின்றால் துறைமுகப் பாதையோ மேற்குப் பாதையோ ஓடக்கூடும், அல்லது நடந்தே வரக்கூடிய ஒருவர் வேண்டும். தாராவியிலும் கோலிவாடாவிலும் இருப்பவர்கள் நடந்தே வந்துவிடுவார்கள் என்பதால், பெருமழை நாட்களில் எங்கள் பிரிவைத் தாங்குவது அவர்கள்தான். சங்கங்கள் எந்தப் பகுதியின் பெயரைக் கேட்டுக் கதவை மூடினவோ, அந்தப் பகுதியின் மக்கள்தாம்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒன்று. டயாலிசிஸ் அட்டையையும் கடைசிப் பரிசோதனை முடிவுகளின் நகலையும் எப்போதும் கைப்பையில் வையுங்கள். வேறு மையத்துக்குப் போக நேர்ந்தால் ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகளைத்தான் முதலில் கேட்பார்கள். ஒரு முறை தள்ளிப்போகும் என்று தெரிந்தால் நீரைக் குறைப்பது எப்படி, எந்த உணவைத் தவிர்ப்பது என்பதை உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம்மவர்கள் களைப்புக்கு நல்லது என்று உடனே இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். பொட்டாசியம் நிறைந்த அது இவர்களுக்கு ஆபத்து. பராமரிப்புக்கு வரும் பெண்ணின் பெயரையும் வேலையையும் குறிப்பிட்டு மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி, சங்க அலுவலகத்தில் இப்போதே கொடுத்து வையுங்கள்.

குடியிருப்புச் சங்கங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, யாரை உள்ளே விடுவது என்பதை ஒரே வரியில் முடிவு செய்யாதீர்கள் என்பதே. எந்த வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார், எங்கே கைக்குழந்தையோடு செவிலியர் ஒருவர் இருக்கிறார் என்ற விவரம் உங்களிடம் இருக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவை வாசலில் நிறுத்தினால் அந்தச் செவிலியர் பணிக்குப் போக முடியாது. அவருக்குக் கை தட்டிய அதே குடியிருப்பில் இது நடந்ததை நான் அறிவேன். வேலைக்கு வர முடியாத நாட்களுக்கும் சம்பளம் கொடுப்பது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது. தனித்தனி வீடாகக் கேட்கும்போது கிடைக்காதது, தீர்மானமாக இருந்தால் கிடைக்கிறது. எங்கள் வளாகத்தில் இதைக் கொண்டுவரப் பலமுறை பேச வேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசியவர்களில் ஓய்வுபெற்ற ஒருவர், தம் தாயாரைக் கவனித்துக்கொண்ட பெண் வராத நாட்களில் தாம் பட்ட பாட்டைச் சொல்லிக்காட்டியதும், தாமாகவே ஆதரவாகக் கை தூக்கினார்.

ஊதிய விஷயத்தில் மருத்துவமனையில் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம். வழியில் தடுக்கப்பட்ட நாளுக்கும், ரயில் ஓடாத நாளுக்கும் பிடித்தம் கூடாது என்ற நிபந்தனை இப்போது துப்புரவு ஒப்பந்தத்தில் இருக்கிறது. நோய்க்கால விடுப்புக்கு ஊதியம் என்பது இன்னும் வரவில்லை; செலவு கூடும் என்று ஒப்பந்ததாரர் மறுக்கிறார். இரத்தம் கையாளும் ஒருவர் காய்ச்சலோடு வேலைக்கு வந்தால் அதன் விலையை யார் கொடுப்பார்கள் என்று, மணிக்கணக்கு எழுதிய அந்தப் பட்டியலையே இணைத்து நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் கூட்டத்தில், அக்காவையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.